இறங்காத சர்க்கரை

அம்மாவின் தலையணை உறையைக் கழற்றி உதறினாள் மகள். மெத்தைக்கு அடியிலும் கைவிட்டுத் துழாவினாள். ஒரு மிட்டாய்க் காகிதம்கூடச் சிக்கவில்லை.

"எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்கே? சர்க்கரை நானூறு! புண்ணு ஆறலேன்னா கால் விரலை எடுத்துடுவாங்களாம். இப்பக்கூட வாயைக் கட்ட மாட்டியா?"

அம்மா இடது கையால் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாதம் வந்து விழுந்துபோன வலது கை மடியில் கிடந்தது.

"நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லைம்மா," என்றார் அப்பா. நாற்பது வருஷம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். போன வருஷம் கடையை மூடியதிலிருந்து, மனைவிக்கு இன்சுலின் போடுவதுதான் அவருக்கு உத்தியோகம். "டாக்டரும் ரெண்டு தடவை அளவைக் கூட்டிட்டார். விழலுக்கு இறைச்ச நீரா போகுது."

பேனா வடிவ இன்சுலின் ஊசியைக் காதருகே வைத்து, டிக் டிக்கென்று எண்ணி அளவைத் திருப்பினார். தொழில் புத்தி எங்கே போகும்! அவர் குனிந்து ஊசி போடும்போது மகள் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"ஆச்சு, எடுங்க," என்றாள் அம்மா.

மகள் திரும்பியபோது அம்மாவின் இடுப்பில் சேலை ஈரமாக இருந்தது. "தண்ணியைக்கூடச் சிந்தாம குடிக்கத் தெரியலை!" என்று அதற்கும் ஒரு பாட்டு விழுந்தது.

புண்ணுக்குக் கட்டுப் போட நர்ஸ் வந்தாள். அப்பா வெந்நீர் எடுக்க உள்ளே போனார்.

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஏம்மா, இந்த இன்சுலினைத் தோல்மேல விட்டா உள்ளே இறங்காதா?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். "தோல் உள்ளே விடாது பாட்டி. குடிச்சா வயிறு அதையும் சோத்தோட சோறா செரிச்சிடும். ஊசியாலே தோலுக்கு அடியில போனாத்தான் உண்டு. எங்கே, வயித்தைக் காட்டுங்க."

சேலையை விலக்கியவள் திகைத்துப்போனாள். "மாசக்கணக்கா ஊசி போட்ட வயிறா இது? ஒரு புள்ளிகூட இல்லையே!"

மகள் உள்பக்கம் திரும்பினாள். அப்படியானால் அப்பா... அடப்பாவி மனுஷா! பெற்ற அப்பன் என்றும் பாராமல் ஆத்திரம் பொங்கியது. "அப்பா!" என்று கத்த வாயெடுத்தாள்.

அம்மாவின் இடது கை பாய்ந்து அவள் வாயைப் பொத்தியது.

"கத்தாதேடி! ஊசி தினமும் என் சேலை மடிப்புலதான் இறங்குது. அவருக்குக் கண்ணு போனது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கார், பாவம்."