டிக்கியில் இருந்த மஞ்சள் பை

"இன்னாசி, கொஞ்சம் ஊது."

டாக்ஸி டிரைவர் இன்னாசிமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா சார்?"

"வாயை ஊதுப்பா. கோயிலுக்குப் போற வண்டி. ராத்திரி எதுனா போட்டிருந்தா இப்பவே சொல்லிடு."

"நான் போடறதே இல்ல சார்" என்றவன், பெரிய மனுஷன் கேட்டுவிட்டாரே என்று ஒரு தடவை ஊதியும் காட்டினான். உலகநாதன் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, போனால் போகிறது என்பதுபோல முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

பாகூரில் பத்துக் காணி கரும்பு, கோயில் கமிட்டியில் பொருளாளர் பதவி, நெற்றி நிறைய விபூதி. தினமும் நாலு பேருக்குப் புத்தி சொல்லாவிட்டால் மனுஷனுக்குச் சாப்பிட்டது செரிக்காது.

காஞ்சிபுரத்தில் காமாட்சியைக் கும்பிட்டுவிட்டு, அங்கேயே மாப்பிள்ளை வீட்டில் மகள் வெண்ணிலாவின் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க வேண்டும். ரெண்டு வருஷம் அலைந்து அமைந்த இடம். மாப்பிள்ளையின் அப்பா ரொம்பக் கண்டிப்பானவர்.

பின்சீட்டில் மனைவி விஜயகுமாரி வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, வில்லியனூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

உலகநாதனுக்கு வசதியாகப் போயிற்று. குடித்துக் கெட்டவர்கள் கதையை ஊர் ஊராக எடுத்துவிட்டார். பனித்திட்டில் ஒருத்தன், அரியூரில் ஒருத்தன். இன்னாசிமுத்து எல்லாவற்றுக்கும் "ஆமா சார்" போட்டான்.

"இந்த ஒரு வண்டிய நம்பித்தான் சார் எங்க வூட்ல அஞ்சு பேரு. நான் எங்க குடிக்கறது?"

"அப்படித்தான் இருக்கணும். என்னைப் பாரு. அந்த வாசனையே ஆவாது எனக்கு."

திண்டிவனம் ரோட்டில் பாண்டி எல்லையைத் தாண்டியதும், யாராவது பாண்டிச் சரக்கு கடத்துகிறார்களா என்று தமிழ்நாட்டுப் போலீஸ் வண்டிகளை நிறுத்தி டிக்கியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

உலகநாதனின் பேச்சு பட்டென்று நின்றது. விபூதி வேர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது.

"இன்னாசி..." என்று அவன் காதோரம் சாய்ந்தார். "டிக்கியில மஞ்சப் பை இருக்குல்ல, அதுல ரெண்டு பாட்டில் வெச்சிருக்கேன்பா."

"சார்!"

"ஐயோ, எனக்கில்லப்பா! மாப்பிள்ளையோட தாய்மாமன் கேட்டாரு. பாண்டிலேர்ந்து வர்றவங்க வெறுங்கையோடவா வருவீங்கன்னு போன்ல சிரிக்கறாரு. எப்படி மாட்டேங்கறது? மாப்பிள்ளையோட அப்பாவுக்குத் தெரிஞ்சா சம்பந்தமே போச்சு!"

"மாட்டினா வண்டியப் புடிச்சி வெச்சிக்குவாங்க சார். மொதல்லயே சொல்லக் கூடாதா?"

அதற்குள் போலீஸ்காரர் கண்ணாடியைத் தட்டிவிட்டார். ரெண்டு பேரும் இறங்கினார்கள். டிக்கி திறந்தது.

"இந்த மஞ்சப் பை யாரோடது?"

உண்மையைச் சொல்லத்தான் உலகநாதன் வாயைத் திறந்தார். காமாட்சி மேல் சத்தியமாக அதற்குத்தான் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"டிரைவரோடது சார்."

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. 'அடப்பாவி உலகநாதா!' என்று மனசுக்குள் தன்னையே திட்டிக்கொண்டார். மனசுக்குள் மட்டும்தான்.

இன்னாசிமுத்து அவரை ஒரு பார்வை பார்த்தான்.

"ஆமா சார். என்னுதுதான்."

போலீஸ்காரர் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். ரெண்டு தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு பட்டு வேட்டி, கற்பூர டப்பா. அவ்வளவுதான்.

"சரி, கெளம்பு."

வண்டி நகர்ந்ததும் உலகநாதனுக்கு உயிர் வந்தது. உயிரோடு சேர்ந்து வாயும் வந்தது.

"பலே கில்லாடிப்பா நீ! அதை எப்ப எடுத்த? எங்க ஒளிச்சி வெச்ச?"

"நானா? நான் அந்தப் பையத் தொடவே இல்லியே சார்."

பின்னாலிருந்து ஒரு கொட்டாவி கேட்டது.

"நான்தான் காலையில எடுத்து மாட்டுக்கொட்டாய்ல போட்டேன். சாமிக்குத் தேங்கா வெக்கற பையில வெக்கற பொருளா அது? வூட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்" என்ற விஜயகுமாரி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

உலகநாதன் அசடு வழியச் சிரித்தார். பாதிச் சிரிப்பில் ஏதோ உறைத்தது.

"ஏம்பா... அப்ப உள்ள பாட்டில் இருக்குதுன்னு நெனச்சிக்கிட்டேதான் உன்னுதுன்னு சொன்னியா?"

இன்னாசிமுத்து ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினான்.

"பொண்ணுக்குத் தேதி குறிக்கப் போறீங்க. வேற இன்னா சார் சொல்றது?"