தலைவருக்கு முதுகு

ஏதென்ஸ் இசைக்குழுவைக் கையசைத்து நடத்தி உலகம் சுற்றும் ஜெசிக்கு, சொந்த ஊரான விருத்தாசலத்தில் பாராட்டு விழா. செராமிக் கம்பெனிப் பெண்களை அன்று அவள் பாடவைக்கப் போகிறாள்.

விழாச் செயலாளர் ஆதிநாராயணன் பதறினார். "முன்வரிசையில கட்சித் தலைவர் உக்காந்திருப்பாரும்மா. அவருக்கு முதுகு காட்டி நிக்காத."

"பாடுறவங்களப் பாத்துத்தாங்க நிக்கணும். தேசம் தேசமா முதுகு காட்டித்தான் பேரு வாங்கினேன்."

"இங்க மரியாதைன்னு ஒண்ணு இருக்குது!"

"சரிங்க. அவரு மூஞ்சியப் பாத்தே நிக்கிறேன்."

வெறும் மேடையில் தனியாக ஏறினாள் ஜெசி. தலைவரை நேராகப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

கூட்டத்தின் கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்த செராமிக் கம்பெனிப் பெண்கள் எழுந்து பாடினார்கள். மொத்தக் கூட்டமும் பின்னால் திரும்பியது. தலைவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பாட்டு முடியும்வரை ஜெசி பார்த்தது அவருடைய முதுகைத்தான்.