தானியேல் மேல் வெயில்

சென்னை ஆய்வகத்திலிருந்து சோபியா போன் செய்தபோது, தோணிரேவில் அவள் அம்மா ரோசி, ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறாலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தம்பி எப்டி கீறான்?" என்றாள் ரோசி.

"நல்லா கீறாம்மா. இன்னிக்கு அவனுக்கு வெயில் காட்டுனேன். வெயில் மாதிரி ஒரு லைட்டு."

ரோசியின் கை இறாலுக்குள்ளேயே நின்றுவிட்டது. வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும் நோய் மகன் தானியேலுக்குப் பிறவியிலேயே உண்டு.

"இன்னாடி பண்ணிட்ட?"

"வெயில்ல கெட்டுப்போற டி.என்.ஏ.வ ரிப்பேர் பண்ற புரோட்டீன் அவன் ஒடம்புல இல்லம்மா. மனுசனோட அந்தப் புரோட்டீன பாக்டீரியாவுல செஞ்சு எடுத்து, அவனுக்குள்ள வுட்டோம். அப்பறந்தான் லைட்டப் போட்டேன். ஒண்ணும் ஆவல."

ரோசி போனை வைத்தாள். அரிவாளை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள்.

அவன் சாவதற்கு முன் டாக்டர் எடுத்த தோல் துணுக்கு மட்டும்தான் சோபியாவின் கண்ணாடித் தட்டில் வளர்கிறது. மீதித் தானியேல் இங்கேதான் கிடக்கிறான்.

கல்லறைக்கு மேலே, ஒவ்வொரு கோடையிலும் தானே புதுப்பித்துக் கட்டிய கீற்றுப் பந்தலை ரோசி அறுத்துத் தள்ளினாள். பிறகு, தன் நிழல்கூட அவன் மேல் விழாதபடி விலகி நின்றாள்.