அங்கே ஓடும் திசைகாட்டி

“இது ஏன் ஒரு பக்கமா தொங்குது? கெட்டுப்போச்சா?” என்று கேட்டார் சிவானந்தன்.

கண்ணாடி மேசைமேல் நான் எடுத்து வைத்த இரண்டு திசைகாட்டிகளில் ஒன்றின் ஊசி, வடமுனையைத் தாழ்த்திக்கொண்டு கிடந்தது.

கெட்டுப்போகவில்லை. ஈப்போவில் மலையேறுபவர்களுக்குக் கூடாரமும் கயிறும் விற்கிறேன். இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கும். எல்லாரும் விலையைத்தான் கேட்கிறார்கள்.

பூமியின் காந்தம் ஊசியை வடக்கு தெற்காகத் திருப்புவதோடு நிற்பதில்லை. கீழேயும் இழுக்கிறது.

நம் ஊரில் அந்த இழுப்பு கொஞ்சம்தான். ஆஸ்திரேலியாவின் தென்கோடிக்குப் போனால் ஊசியின் தென்முனையைப் பலமாக இழுக்கும். அதைச் சரிக்கட்ட, அங்கே ஓடும் ஊசியின் வடமுனையில் பொட்டளவு எடை சேர்த்திருப்பார்கள். இங்கே அந்த எடைக்கு வேலை இல்லை. அதனால் வடமுனை தொங்குகிறது.

நம் ஊர் ஊசியை அங்கே கொண்டுபோனால் நேர்மாறு. தென்முனை தாழ்ந்து, அடியில் உரசி நின்றுவிடும்.

“எந்த ஊர்ல வச்சுப் பார்க்கப்போறாங்கன்னு தெரியணும் அங்கிள். யாருக்கு வாங்குறீங்க?”

“மகனுக்கு. பேரு இளங்கீரன். அடுத்த மாசம் பிறந்தநாள். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே தாஸ்மேனியாவுல வேலை லா, லீவு கிடைச்சா மலையிலதான் இருப்பான். டிசம்பர்ல கான்டிராக்ட் முடியுது, வந்துருவான்.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி கலாதேவி, சாய்ந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு என்றேன். அதில் காந்தத்தையும் ஊசியையும் தனித்தனியாகப் பொருத்தியிருப்பார்கள். காந்தம் சாய்ந்தாலும் ஊசி சாயாது, உலகம் முழுக்க ஓடும். கையில் இல்லை, கோலாலம்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும்.

சிவானந்தனின் முகம் மலர்ந்தது. “அதையே சொல்லிவைங்க தம்பி. இப்ப அங்க ஏறட்டும். அப்புறம் நம்ம லகாட்ல, பழைய ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால இருக்கே, அந்த மலையில ஏறட்டும்.”

“வேணாம்” என்றார் கலாதேவி. “அங்க ஓடுறதே போதும்.”

“காசு பார்க்காத லா. நம்ம பிள்ளைக்குத்தானே.”

“காசுக்காகச் சொல்லல.” ஊசி சாய்ந்திருந்ததை என் பக்கம் நகர்த்தினார். “இதக் கட்டிக் குடுங்க தம்பி.”

நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். இன்னொரு முறை பொறுமையாகச் சொன்னேன்.

“ஆன்ட்டி, இத இங்க கொண்டுவந்தா சரியா ஓடாது.”

“விளங்குது தம்பி. நல்லாத்தான் சொன்னீங்க. அவன் இங்க கொண்டுவர மாட்டான்.”

பரிசுத்தாளை விரித்த என் கை நின்றது.

சிவானந்தன் மனைவியைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துத்தான் கேட்டார்.

“எப்ப சொன்னான்?”

“போன தீபாவளிக்கு. அங்கயே வீடு வாங்கிட்டானாம். அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்கன்னான்.”

“அப்ப மாடியில அவனுக்கு எதுக்கு ரூம் கட்டிக்கிட்டு இருக்கேன்? பாத்ரூம் டைல்ஸ்கூட நீதானே கடை கடையா ஏறி எடுத்த.”

கலாதேவி தாளை என் கையிலிருந்து வாங்கி, தானே பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தார்.

“ரூம் வேணாம்னு சொல்லியிருந்தா, ஏன்னு கேட்டிருப்பீங்க.”