மஹ்ரூபின் முறை

திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள் வலிக்க, கஜீபன் மத்தியானம் கதிரையில் சாய்ந்து போனில் குவிந்திருந்த ஈமெயில்களை அழித்துக்கொண்டிருந்தான். எல்லாம் அழிந்தன; ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. போன வருசம், கூட மூட்டை தூக்கிய மஹ்ரூப் மேற்பார்வையாளருக்கு எழுதி, கஜீபனுக்கும் அனுப்பியது: "கஜீபனுக்கு வருத்தம். அவன்ர வேலை முறையை நான் பாக்கிறன்."

வருத்தம், காய்ச்சல் என்று கஜீபன் சொன்னது பொய். அவன் நிலாவெளியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், மஹ்ரூப் கப்பலின் அடித்தளத்துக்குள் விழுந்து செத்தான்.

"என்னப்பா, உடம்புக்கு ஏலாதோ?" என்றாள் மனைவி தயாளினி.

"ஒண்டுமில்லை." தோள் வலியைச் சொல்லவும் அவனுக்கு வாய் கூசியது.

ஐந்தாம் தரமும் அழித்தான். ஈமெயில் நாளைய திகதியோடு வந்தது. அடியில் ஒரு வரி கூடியிருந்தது: "நாளைக்கு என்ர முறை, மச்சான். நீ பார்."

கஜீபன் எழும்பி, நாளைய வேலைக்குக் கையுறையைத் தேடினான். மஹ்ரூபுக்கு அவன் ஒரு நாள் வேலை கடன்.