கலங்கிய குழாய்

"பெத்த மக வயித்துலேயே அடிச்சிட்டாரே, இவரெல்லாம் ஒரு அப்பாவா?"

கேன்டீனில் ஸ்டோர்ஸ் அக்கா டம்ளரை நங்கென்று வைத்தார். எதிரே இருந்த டிரைவர் உச்சுக் கொட்டினார்.

அவர்கள் பேசியது சோப்பு அண்ணனைப் பற்றி. ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பவர். ஒரு நாளைக்கு நாற்பது முறை கை கழுவுவதால் அந்தப் பெயர்.

எலி என்றால் சும்மா எலி இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூட அண்டாமல் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்பவை. காற்று வடிகட்டித்தான் வரும். தீனியும் தண்ணீரும் ஆவியில் வெந்த பிறகுதான் உள்ளே போகும். நம் வீட்டுக் குழந்தைகளுக்கே அந்தக் கவனிப்பு கிடையாது.

அதில் பாதி எலிகளுக்கு மட்டும் நம் குடலில் வாழும் ஒரு நல்ல நுண்ணுயிரைக் கொடுத்து, எந்தக் கூட்டம் நன்றாகத் தேறுகிறது என்று பார்ப்பதுதான் அவர் மகளின் ஆராய்ச்சி. மூன்று வருட உழைப்பு. அடுத்த மாதம் டாக்டர் பட்டத்துக்குக் கொடுக்க வேண்டும்.

மீதிப் பாதி கடைசிவரை கிருமியில்லாமல் இருந்தாக வேண்டும். அதை வாரா வாரம் சோதிப்பது அப்பாவின் வேலை. எலிப் புழுக்கையைச் சத்து நீர் உள்ள கண்ணாடிச் சோதனைக் குழாயில் போட்டு வைப்பார். ஐந்தாம் நாளும் நீர் தெளிவாக இருந்தால் கிருமி இல்லை.

போன வாரம் நீர் கலங்கிவிட்டது. உள்ளே கைவிட்டு வேலை செய்யக் கூடாரத்தோடு பொருத்தியிருக்கும் கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. பதிவேட்டில் 'கலங்கல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். மகள் இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"குழாயைப் பார்க்கிறது அவர் ஒருத்தர்தான். கமுக்கமா கொட்டிட்டு 'தெளிவு'ன்னு எழுதியிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் டிரைவர்.

"அதானே! பாவம், அந்தப் பொண்ணு அழுது அழுது கண்ணு வீங்கிக் கிடக்கு. ஊருக்கு உத்தமர் வேஷம் போட வீட்டையா பலி கொடுப்பாங்க?"

மாலைக் கூட்டத்தில் இயக்குநர் வேறு மாதிரி பேசினார்.

"தப்பான முடிவு ஒண்ணு வெளியே போயிருந்தா, நாளைக்கு அதை நம்பி நோயாளிங்களுக்கு மருந்து கொடுப்பாங்க. அதைத் தடுத்தவர் நம்ம அண்ணன். சொந்த மகள்னுகூடப் பார்க்கலை. இன்னையிலேர்ந்து எலிக்கூடம் முழுசுக்கும் அவர்தான் மேற்பார்வையாளர்!"

ஒரே கைதட்டல். ஸ்டோர்ஸ் அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சோப்பு அண்ணன் எழுந்தார். கடைசி வரிசையில் இருந்த மகள், 'வேண்டாம்' என்பதுபோல் அவசரமாகத் தலையாட்டினாள். அவர் கேட்கவில்லை.

"இந்தப் பதவி எனக்கு வேணாம் சார். அன்னைக்கு அந்தக் குழாயை எடுத்துக்கிட்டு நேரா சிங்க்குக்குத்தான் போனேன். கொட்டறதுக்கு."

இயக்குநரின் முகம் மாறியது.

"என்ன சொல்றீங்க? உங்க வேலையே போயிடும், தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா, அடுத்தவங்களுக்குச் சேர வேண்டிய கைதட்டலை நான் வாங்கிக்கிட்டா எனக்குச் சோறு இறங்காது. பெத்த பாசம், புத்தி தடுமாறிப் போச்சு. கொட்டப் போற நேரத்துல ஒருத்தங்க வந்து என் கையைப் பிடிச்சாங்க. 'எழுதுங்க. நீங்க எழுதலைன்னா நானே எழுதுவேன்'னு பேனாவை நீட்டினாங்க. அப்புறம்தான் சார் எழுதினேன்."

"யார் அது?"

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூடத்தில் குனிந்தே நடந்த மனிதர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடைசி வரிசையைக் காட்டினார்.

"என் மக சார்!"