புறா வழக்கு

“நாற்பத்திரண்டு பேரா?”

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ரிஃப்அத் வகுப்பு வாசலில் நின்று இன்னொரு முறை எண்ணினார். நாற்பத்திரண்டேதான்.

அவர் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது எங்கள் தமன்ஹூர் ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் பள்ளிக்கூடம் வருவதாவது! பதிவேட்டில் மட்டும் வருவார்கள். ஆள் இருப்பது டியூஷன் சென்டரில். வகுப்பு காலியாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். நிறைந்திருந்தால்தான் வில்லங்கம்.

இங்கிலீஷ் டீச்சர் மிஸ் நிவீன் வெளியே ஓடி வந்தாள். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாதவள்.

“மொட்டைக் கடுதாசி வந்திருக்கும்மா. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே காசு வாங்கிட்டு டியூஷன் எடுக்கறீங்களாம். இல்லேன்னா இத்தனை பேர் வருவாங்களான்னு கேட்டு எழுதியிருக்கு. நிஜம்னா உங்க வேலை போயிடும்.”

“காசா? ஐயோ சார், சத்தியமா இல்லை!”

“நான் வர்றது உங்க ஹெட்மிஸ்ட்ரஸுக்கே தெரியாது. ‘செவ்வாய்க்கிழமை நாலாவது பீரியட் போய்ப் பாருங்க’ன்னு எழுதினவரே நேரமும் குறிச்சுக் கொடுத்திருக்கார்.”

அதற்குள் மிஸ்டர் ஷவ்கி வந்துவிட்டார். பள்ளியின் சீனியர் இங்கிலீஷ் ஆசிரியர். ஊரிலேயே பெரிய சென்டர் அவருடையதுதான். அதன் வாசலில் ‘இங்கிலீஷ் சக்கரவர்த்தி’ என்று ஆளுயரப் படம் வேறு.

“நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார்” என்றார் ஷவ்கி. “பாடம் நடத்தச் சொன்னா கூத்து நடத்துது இந்தப் பொண்ணு. நீங்களே பாருங்க.”

உள்ளே கூத்துதான்.

நாற்காலியில் ஒரு பெண் நீதிபதி. சுத்தியலுக்குப் பதில் டஸ்டர். மேஜை மேல் கூண்டில் நிஜமான வெள்ளைப் புறா. வழக்கு இதுதான்: பக்கத்து மாடிக்காரன் வளர்த்த புறா என் மொட்டை மாடிக்கு வந்துவிட்டால் அது யாருக்குச் சொந்தம்? இதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறையவே உண்டு.

“திருடன்! இவனைப் பிடிச்சு உள்ளே போடுங்க!” என்று இங்கிலீஷில் கத்தினாள் புறாவைப் பறிகொடுத்தவன் பக்கத்து வக்கீல்.

“அப்ஜெக்‌ஷன்!” என்று பத்துப் பேர் எழுந்தார்கள்.

தப்புத் தப்பாகவும் பேசினார்கள். வார்த்தை சிக்காதவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எடுத்துக் கொடுத்தாள். ஒருத்திகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

“யார் ஜெயிப்பாங்க?” என்று இன்ஸ்பெக்டர் கிசுகிசுத்தார்.

“எனக்கே தெரியாது சார். அதனாலதான் காலையில பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடி வர்றேன்!” என்றாள் நிவீன். வேலை போகப்போகிற பயத்திலும் அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

நீதிபதி டஸ்டரைத் தட்டினாள். குற்றவாளிக்காக வாதாடும் வக்கீல் எழுந்தாள். கறுப்பு அங்கி. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“கனம் நீதிபதி அவர்களே! என் கட்சிக்காரர் வலை போடலை, பொறி வைக்கலை. நல்ல தானியமாப் போட்டார், தண்ணி வெச்சார். புறா தானா வந்தது. கதவு திறந்தே இருந்தும் அது பழைய மாடிக்குத் திரும்பலைன்னா, தப்பு எந்த மாடியில?”

என்ன இங்கிலீஷ்! தங்குதடை இல்லை.

ஷவ்கியின் முகத்தில் ஈயாடவில்லை. “சார்… போதும் சார், பார்த்தாச்சே. வாங்க, ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீ சாப்பிடலாம்.”

“இருங்க மிஸ்டர் ஷவ்கி. புறா யாருக்குன்னு தெரிய வேண்டாமா?”

“புறாவையே கேட்போம்!” என்று நீதிபதி கூண்டைத் திறந்தாள். வகுப்பே எழுந்து எட்டிப் பார்த்தது. புறா வெளியே வந்தது, இரண்டு பக்கமும் பார்த்தது, நேராகக் குற்றவாளியாக நின்ற பெண்ணின் உள்ளங்கைத் தானியத்தைக் கொத்தத் தொடங்கியது. கூரை பிய்ந்துகொள்ளும் அளவுக்குக் கூச்சல். இன்ஸ்பெக்டரும் கை தட்டிவிட்டார்!

உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். “மிஸ்ஸுக்கு நீங்கல்லாம் மாசம் எவ்வளவு கொடுக்கறீங்க?”

“மிஸ்ஸுக்கா? புறாவுக்குத் தீவனம்தான் வாங்கினோம் சார். அது தப்பா?” என்றாள் நீதிபதி.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்பு அங்கிக்காரியின் தோளைத் தட்டினார். “நீ சொல்லும்மா வக்கீல். உன் பேர் என்ன? இப்படிப் பேச எந்த சென்டர்ல கத்துக்கிட்டே?”

“ஷாஹிந்தா சார். சென்டருக்கே நான் போறதில்லை. ‘அங்கே முந்நூறு பேர்ல ஒருத்தியா உக்கார்ந்தா உனக்கு ஒண்ணும் ஏறாது, நிவீன் கிளாஸை மட்டும் விடாதே’ன்னு எங்க அப்பாதான் தினமும் அனுப்பறார்.”

“கெட்டிக்கார அப்பா! யாரும்மா அவர்?”

காட்டுவதற்காகத் திரும்பியவள் வாசலில் நழுவப் பார்த்த மிஸ்டர் ஷவ்கியைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்பா, கோச்சுக்காதீங்க! செவ்வாய்க்கிழமை மட்டும் காய்ச்சல்னு சொல்லி வீட்டுல இருன்னு நீங்க போன வாரமே சொன்னீங்க. ஆனா இன்னிக்கு என் வாதமாச்சேப்பா, எப்படி வராம இருக்கறது?”